மூன்றாவது வருடம் கேட்ட தலைவர்

முஹைதீன் நானாவின் தேத்தண்ணிக் கடைக்கு நான் ஆறாயிரத்து எழுநூற்று இருபது ரூபாய் கொடுக்கவேண்டியிருந்தது. அவ்வளவையும் நானே குடிக்கவில்லை. எங்கள் ஊர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு இரண்டு வருடம் தலைவராக இருந்தேன். தேடி வந்தவர்களுக்கெல்லாம் "தேத்தண்ணி குடியுங்கோ" என்று கை காட்டியதில் சேர்ந்த கடன் அது. நானா ஒருநாளும் கேட்கவில்லை. கடைக்கு மின்சாரம் எடுக்க அவருக்குச் சங்கத்தின் கடிதம் தேவைப்பட்டது. கையெழுத்து வைப்பவன் நான்.

அந்தக் கையெழுத்தே புதிதுதான். செட்டிகுளம் அகதி முகாமில், நாற்பத்தேழாவது வயதில் எழுத்துப் பழகினேன். அதுவரை முருங்கனில் நெல்மூடை ஏற்றிய கூலிக்குப் பெருவிரலை மையில் தோய்த்தவன்.

சண்டை முடிந்து ஊருக்கு மீளக் குடியேறித் தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்த முதல் மாதமே சங்கத்தைத் திரும்பத் தொடங்கினோம். பழைய தலைவர் யாகப்பர் பதினொரு வருடம் அந்தக் கதிரையில் இருந்தவர். காணும், இறங்குங்கோ என்று சனம் முணுமுணுத்தது. அவர் எழும்பினார்.

"இடம்பெயர்ந்து திரிஞ்ச வருசங்களைக் கணக்கில எடுக்கேலாது. அப்ப கூட்டமே வைக்கேல்லை. அதுகளைக் கழிச்சால் நான் இருந்தது கொஞ்சக் காலம்தான்."

"நிவாரண வரிசையில மட்டும் தலைவர் எண்டு முதல் ஆளா நிண்டனீங்களே, யாகப்பர் அண்ணை" என்றேன்.

சனம் சிரித்தது. அந்தச் சிரிப்பு தலைக்கேறி, ஒருவர் இரண்டு வருடத்துக்கு மேல் தலைவராக இருக்கக்கூடாது என்று ஒரு விதியை முன்மொழிந்தேன். நிறைவேறியது. செயலாளர் பிரான்சிஸ்கா எழுதப் போனபோது, கூட்டப் புத்தகத்தை வாங்கி நானே எழுதினேன். ஒரு வரிதான், அரைப் பக்கம் பிடித்தது. அன்றே என்னைத் தலைவராக்கினார்கள்.

இரண்டு வருடம் முடிந்துபோனது. சீமெந்து குழைக்கிற என்னை அரசாங்கக் கந்தோரில் "இருங்கோ" என்று சொல்லக் கேட்டுப் பழகிவிட்டேன். அது போனால் போகட்டும். கதிரையால் இறங்கிய அன்றைக்கே நானா கடன் கொப்பியைத் திறப்பார். வீட்டில் அறுநூறு ரூபாய்கூட இல்லை.

இதற்கிடையில் கொழும்பில் சனாதிபதிக்கு இருந்த இரண்டு தடவை என்ற வரம்பை எடுத்துவிட்டிருந்தார்கள். நாட்டுக்கே சரி என்றால் நாற்பத்தாறு குடும்பத்துக்குச் சரிவராதா என்று யோசித்தேன். யோசனை என்று இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு அது பயம்.

கோயில் விறாந்தையில் பொதுக்கூட்டம் நடந்தது. நான் எழும்பினேன்.

"தறப்பாளுக்குள்ள இருந்த முதல் வருசத்தைக் கணக்கில எடுக்கேலாது. அது குடியேற்றமே இல்லை. அதைக் கழிச்சால் நான் தலைவரா இருந்தது ஒரு வருசம்தான்."

சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று எனக்கே விளங்கியது. முன்வரிசையில் யாகப்பர் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"விடுங்கோ, பொடியன் வடிவாச் சொல்லுறான். சொல்லட்டும்."

பொடியனுக்கு அப்போது ஐம்பது வயது.

பிரான்சிஸ்கா பேனையை மூடினாள். "தலைவர் சொல்லுறது சரியாவும் இருக்கலாம். அந்த வருசம் குடியேற்றம் இல்லையெண்டால், குடியேறினாக்கள் எண்டு அந்த வருசம் எங்களுக்குத் தந்த தகரம் பிழையாத் தந்தது. அப்பிடியே எழுதிக் கந்தோருக்கு அனுப்பட்டோ?"

வீட்டுக்குப் பன்னிரண்டு தகரம். சனம் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தங்கள் கூரைகள் இருந்த பக்கம் பார்த்தது.

"முதல் வருசம் கணக்கில்லை எண்டுறாக்கள் கையை உயர்த்துங்கோ" என்றாள் பிரான்சிஸ்கா.

என் கை மட்டும் மேலே நின்றது. பக்கத்தில் என் மனைவி லூசியா இரண்டு கையையும் மடியில் வைத்திருந்தாள்.

"என்னப்பா?" என்று மெல்லக் கேட்டேன்.

"எங்கட வீடும் தகரம்தான்."

கையை இறக்கினேன். பிரான்சிஸ்காவைத் தலைவராக்கினார்கள்.

அடுத்த நாள் காலை, "பஸ்ரியன், கொஞ்சம் இஞ்ச வாங்க" என்றார் நானா. இரண்டு வருடம் அவர் வாயில் நான் தலைவர்தான்.

"காசில்லை, நானா."

"தெரியும். கடைக்குப் பின்னால மலசலகூடக் குழி வெட்டணும். நாளுக்கு எண்ணூறு தாறன்."

கீழே எல்லாம் சுண்ணாம்புக் கல். அலவாங்குக் கம்பியைப் போட்டால் தோள்மூட்டில்தான் சத்தம் கேட்டது. மூன்றாம் நாள் புதிய தலைவர் மின்சாரக் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். தேத்தண்ணி குடித்து, அந்த இடத்திலேயே காசும் கொடுத்தாள். பிறகு குழிக்குள் எட்டிப்பார்த்தாள்.

"பாத்து, பஸ்ரியன் அண்ணை. ஏறி வர ஏணி கிடக்கோ?"

"இறங்கினது நான்தானே தங்கச்சி. ஏறத் தெரியும்."

ஏணி இல்லை. யாகப்பர்தான் பின்னேரம் வந்து கை கொடுத்தார். சிரிக்கவில்லை. அதுதான் கூடுதலாகச் சுட்டது.

எட்டரை நாளில் வேலை முடிந்தது. நானா மிச்சம் எண்பது ரூபாயைக் கையில் தந்து, கொப்பியில் என் பக்கத்தைக் குறுக்கே வெட்டினார். அப்போதுதான் அந்தப் பக்கத்தை எழுத்துக் கூட்டி வாசித்தேன். மேலே "சங்கத் தலைவர்" என்று மட்டும் எழுதியிருந்தது. என் பெயர் எங்கும் இல்லை. முதல் நாளே பார்த்திருந்தால், தலைவரிடம் போய்க் கேளுங்கோ என்று சொல்லியிருக்கலாம்.

குழி அதற்குள் ஒன்பது அடி ஆகிவிட்டிருந்தது.