வாய்க்கால் மேட்டில் உப்பு

சரண்யாதேவி மதுரையில் தாவரவியல் ஆராய்ச்சி மாணவி. மார்கழியில் அலங்காநல்லூர்ப் பக்கம், நிலக்காரர் நல்லகாமனின் வாய்க்கால் மேட்டில் கொம்புப்பாசியைக் கண்டுபிடித்தாள். புத்தகத்தில் ஹார்ன்வொர்ட் என்று இருக்கும். இரண்டு வருடம் தேடி, ஒரு பாய் அகலத்துக்கு அங்கே மட்டும்தான் கிடைத்தது. மண்ணோடு ஒட்டிய பச்சைத் தட்டு, அதிலிருந்து ஊசி ஊசியாகக் கொம்புகள். கொம்பின் நுனி கறுத்து இரண்டாகப் பிளந்தால்தான் வித்து முற்றியிருக்கும். வித்தைப் பார்க்காமல் என்ன இனம் என்று எழுத முடியாது.

இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும் என்பதால் நல்லகாமன் வீட்டுக்குப் போனாள். அவள் அம்மா முனியாயிக்கு அவருடைய வயலில்தான் கூலி வேலை. அம்மா அவரை ஐயா என்பாள்; அந்த முற்றத்தில் நின்றுதான் பேசுவாள்.

"அண்ணே, அங்க யாரும் மிதிக்காம பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு, முற்றத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள் சரண்யா.

அவர் நாற்காலியைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "அம்புட்டு ஒசத்தியா அது?"

சந்தோஷமாகச் சொன்னாள். "இதுக்கு வேரும் இல்ல, நரம்பும் இல்லண்ணே. ஒடம்பாலேயே தண்ணி குடிக்கும். உள்ள நீலப்பாசி குடியிருந்து சத்து குடுக்கும்."

"எதுல சாகும்?"

"மேல எது பட்டாலும் நேரா உள்ள போயிரும். உப்பே போதும்."

"பத்திரமா பாத்துக்கிறேன்" என்றார்.

இரண்டு வாரம் கழித்து வந்தபோது மேடு முழுக்கப் பழுப்பாகக் கூழாகிக் கிடந்தது. முனியாயி வாய்க்காலில் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஐயா ரெண்டு மூட்டை உப்பு குடுத்தாரு. நத்தை ஏறுதாம். நேத்தும் இன்னைக்கும் ஒரு எடம் விடாம தூவுனேன். கையெல்லாம் எரியுது."

நல்லகாமன் வரப்பில் நின்றிருந்தார்.

"ஏன் இப்படிச் செஞ்சீங்க?" என்றாள் சரண்யா.

"அண்ணேன்னு கூப்பிட்டேல்ல. அண்ணன் நெலத்துல அண்ணன் இஷ்டம்."

அழிந்தது தன் ஆராய்ச்சிச் செடி என்று அம்மாவிடம் சொல்லக் கூடாது என்றுதான் நினைத்திருந்தாள். வீட்டுக்கு வரும் வழியில் என்னாச்சு என்று முனியாயி திரும்பத் திரும்பக் கேட்கவும், "என் மூணு வருசப் படிப்பை நீதாம்மா கொன்ன" என்று சொல்லிவிட்டாள். முனியாயி நடப்பதை நிறுத்தவில்லை. வெடித்த கைகளை மட்டும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

மேட்டு மண்ணைச் சுரண்டி எடுத்துப்போய், பலமுறை அலசி, ஆய்வகத்தில் தட்டுகளில் பரப்பிவைத்தாள். ஒன்றும் முளைக்கவில்லை. சித்திரையில் பேராசிரியர் அவளுக்கு வேறு தலைப்புக் கொடுத்தார்.

முனியாயி இன்னும் நல்லகாமன் வயலுக்குத்தான் போகிறாள். மகளிடம் படிப்பைப் பற்றி எதுவும் கேட்பதில்லை.