கம்ப்ரசருக்கு ஓய்வு

குளிர் என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. வெப்பம்தான் உண்டு. ஓர் இடத்தில் இருக்கும் வெப்பத்தை எடுத்து வேறோர் இடத்தில் கொட்டினால், எடுத்த இடம் குளிர்ந்துவிட்டது என்கிறோம். ஃபிரிட்ஜின் பின்பக்கம் கை வைத்தால் சுடுவது அதனால்தான். உள்ளே இருக்கும் பாலின் சூடு அங்கே வந்துகொண்டிருக்கிறது.

இதை என் மகள் தாரணிக்கு ஐந்து வயதில் சொல்லிக்கொடுத்தேன். அவள் உடனே ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்துவிட்டு "ஆமா" என்றாள். அன்றிலிருந்து அவள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி வந்தேன். தெரியாததைத் தெரியாது என்றேன். அவளுக்குப் பன்னிரண்டு வயது ஆகும்வரை எதையும் மாற்றிச் சொன்னதில்லை.

துபாயில் பதினாறு வருஷம் வேலை பார்த்தேன். அங்கே பல கட்டடங்களுக்குச் சேர்த்து ஓரிடத்தில் பெரிய எந்திரங்களை வைத்துத் தண்ணீரைக் குளிர்வித்து, பூமிக்கடியில் குழாய் வழியாக அனுப்புவார்கள். கட்டடங்களின் சூட்டை வாங்கிக்கொண்டு அந்தத் தண்ணீர் திரும்பி வரும். மறுபடி குளிர்வித்து அனுப்ப வேண்டும். அப்படி ஒரு நிலையத்தை ஓட்டுவது என் வேலை. மே மாதக் கடைசியில் அதை வேறு கம்பெனி எடுத்துக்கொண்டது. எங்களில் பதினோரு பேருக்குக் கடிதம் கொடுத்தார்கள். இரண்டு முறை படித்தேன். பிறகு பம்புகளின் அழுத்தத்தை நோட்டில் குறித்து வைத்து, ஷிப்டை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். வருத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பசித்தது, சாப்பிட்டேன்.

"தாரணிகிட்ட எப்ப சொல்லப் போறீங்க?" என்று என் மனைவி வடிவு கேட்டாள்.

"ஜூலைல லீவு விட்டதும் எப்பவும்போல ஊருக்குப் போவோம். அங்க போய்ச் சொல்லிக்கலாம்."

வீட்டுச் சாமான்களை விற்றுவிட்டோம். ஆனால் நாங்கள் கிளம்பிய பிறகுதான் வந்து எடுக்க வேண்டும் என்று வாங்கியவரிடம் பேசியிருந்தேன். ஃபிரிட்ஜைத் தூக்குவதற்குச் சில மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும், உள்ளே உறைந்திருக்கும் பனி உருகி வடிவதற்காக. முறைப்படி உள்ளே இருப்பதையும் காலி செய்ய வேண்டும். அதைச் செய்யவில்லை. மேல்தட்டில், திரும்பி வந்து தின்பதற்காகத் தாரணி பாதி சாக்லேட்டை மடித்து வைத்திருந்தாள். அதை எடுத்தால் கேட்பாள்.

பெட்டிகளை லிஃப்டில் ஏற்றியபின் வந்து சுவிட்சை அணைத்தேன். அவள் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏம்ப்பா ஆஃப் பண்றீங்க? போன வருஷம் பண்ணலையே."

"லீவுக்குப் போறப்ப கம்ப்ரசருக்கும் ஓய்வு குடுக்கணும். கதவத் தொறக்காம வச்சா குளிர் அப்படியே உள்ள நிக்கும்."

"எத்தன நாளைக்கு?"

"ரொம்ப நாளைக்கு."

அவள் தலையாட்டினாள். மின்சாரம் இல்லாத ஃபிரிட்ஜில் குளிர் நான்கு மணி நேரம் நிற்கும். கம்ப்ரசர் தானே நின்று நின்றுதான் ஓடும், அதற்குத் தனியாக ஓய்வு தேவையில்லை. இரண்டும் எனக்குத் தெரியும்.

*

தி.நகரில் உஸ்மான் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் என் அண்ணன் சுயம்புலிங்கத்தின் வீடு. சாலையில் அவருக்குப் பாத்திரக்கடை. எங்களுக்கு மாடியில் ஓர் அறை கொடுத்திருந்தார்கள்.

"ஒலகத்துலயே உஸ்மான் ரோட்டுக்குக் காத்து வாங்க வந்த குடும்பம் நீங்கதாம்ல" என்று அண்ணன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

சிரிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் துபாயில் நாங்கள் இருந்தது இருபத்தேழாவது மாடி. அங்கே ஜன்னலைத் திறக்க முடியாது. திறந்தால் வெளிச்சூடு உள்ளே வந்து எந்திரங்களின் கணக்கு கெட்டுப்போகும் என்று கண்ணாடியை மூடியே பொருத்தியிருப்பார்கள். இங்கே ஜன்னல் திறந்தது. மழை வந்தால் சாரல் கட்டில்வரை அடித்தது. தாரணிக்கு இதுதான் கிராமம். பகலெல்லாம் ஜன்னலில் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் மகள் அனுப்ரியா ஜூன் மாதமே பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்ததால், நான்கு மணிவரை இவளுக்குத் துணை கிடையாது.

பூ விற்கும் பெண் ஒருநாள் அண்ணாந்து கேட்டாள். "இன்னா பாப்பா, உனக்கு இஸ்கூலே கெடயாதா? ஒரு மாசமா அங்கியே குந்திக்கினு கீற."

"எங்களுக்கு துபாய்ல ஆகஸ்ட் இருபத்தாறாம் தேதிதான் அக்கா தொறப்பாங்க."

"குடுத்து வச்ச பொண்ணு."

நான் கடையின் பின்பக்கம் மிக்ஸி பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் அங்கே எனக்கு ஒரு மேஜை போட்டுக் கொடுத்திருந்தார். மிக்ஸியில் பெரும்பாலும் போவது அடியில் இருக்கும் ரப்பர் கப்ளர். மோட்டார் நன்றாகவே இருக்கும், சுற்று மேலே போய்ச் சேராது. ஒரு நாளில் எட்டு, ஒன்பது மிக்ஸி முடித்தேன். மகிழ்ச்சியும் இல்லை, அலுப்பும் இல்லை.

ஆகஸ்ட் நடுவில் அண்ணன் அலைந்து, ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தாரணிக்கு இடம் பேசி வந்தார். அடுத்த வாரம் புதன்கிழமை காலை ஒரு சின்னத் தேர்வு.

"அதுக்கு முன்னாடி நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா நம்ப மாட்டா. 'அப்பா சொல்லட்டும்'னுவா" என்றாள் வடிவு.

"திருச்செந்தூர் போய்ட்டு வந்து சொல்றேன்."

அவள் என்னைப் பார்த்துவிட்டுத் துணி மடிக்கப் போனாள்.

*

வருஷா வருஷம் ஆவணியில் திருச்செந்தூர் போவது அண்ணன் வீட்டு வழக்கம். ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டில் கவிச்சி கிடையாது. அந்த விரதத்தின் நடுவில் கடைக்கு வாடிக்கையான நொச்சிக்குப்பத்து மீனவர் ஒருவர் முழு வஞ்சிர மீனைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். மதினி சுப்பம்மா அதைத் துண்டு போடச் சொல்லி, மூன்று உறைக்குள் கட்டி ஃப்ரீசரின் அடியில் வைத்தாள். திரும்பி வந்த அன்று குழம்பு.

"சாமிக்கு ஃப்ரீசர் தொறக்கத் தெரியாதுன்னு நெனச்சியாக்கும்" என்றார் அண்ணன்.

"சாமி தொறந்தா தொறக்கட்டும். நீங்க தொறக்காதீய."

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆட்டோ வந்து நின்றது. மதினி செருப்பைத் தேடிக்கொண்டே, "தாரணி, மேல ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கா பாத்துட்டு ஓடியா" என்றாள். தாரணி போய்விட்டு வந்தாள். கதவைப் பூட்டினோம். இரண்டு இரவு ரயிலில், ஓர் இரவு சத்திரத்தில். கடலில் குளித்தோம். சொல்வதற்கு அங்கே இரண்டு சந்தர்ப்பம் இருந்தது. முதல் தடவை அவள் கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டாம் தடவை தூங்கிவிட்டாள்.

திங்கள்கிழமை காலை கதவைத் திறந்ததும் நாற்றம் வாசலுக்கே வந்தது.

ஃபிரிட்ஜுக்கு அடியிலிருந்து பழுப்பு நிறத்தில் தண்ணீர் வழிந்து அடுப்படி முழுக்கப் பரவியிருந்தது. மதினி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவைத் திறந்தாள். இட்லி மாவு பொங்கித் தட்டுத் தட்டாக இறங்கியிருந்தது. பால் பாக்கெட்டுகள் உப்பியிருந்தன. மீனை யாரும் பார்க்க விரும்பவில்லை.

அண்ணன் சுவரைப் பார்த்தார். "ஏய், சுவிட்சு அமந்து கெடக்கு. யாரு செஞ்ச வேல?"

"நான்தான் பெரியப்பா" என்றாள் தாரணி. அவள் முகத்தில் பயம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. "ஊருக்குப் போறப்ப கம்ப்ரசருக்கு ஓய்வு குடுக்கணும்ல. கதவு மூடிதான இருந்துச்சு. மூணு நாள்தான."

"கம்ப்ரசருக்கு ஓய்வா? இருவத்தஞ்சு வருசமா எனக்கு ஓய்வு குடுக்க ஒரு நாதியில்ல" என்றார் அண்ணன். அனுப்ரியா சிரித்துவிட்டாள்.

மதினிக்குச் சிரிப்பு வரவில்லை. "துபாயில வளந்த பிள்ள. ஒரு ஃபிரிட்ஜப் பத்திக்கூடத் தெரியலியே."

"எங்கப்பாதான் பெரியம்மா சொன்னாங்க. அவங்களுக்குத் தெரியும். அவங்க வேலையே அதுதான்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வடிவு மட்டும் தரையைப் பார்த்தாள். அண்ணன் நிலைமையைப் புரிந்துகொண்டு எனக்கு ஒரு வழி திறந்துவிட்டார். "பிள்ள எதையோ அரகொறயாக் கேட்டிருக்கும். விடுங்க, தொடைங்க."

ஆமாம் என்றால் போதும். தாரணி அவசரக்காரி, தப்பாகப் புரிந்துகொண்டாள் என்று முடிந்துவிடும்.

"அவ சரியாத்தான் கேட்டா. நான் சொன்னது பொய்" என்றேன்.

தாரணி என் பக்கம் திரும்பினாள். "எதுப்பா பொய்? ஓய்வா, குளிர் நிக்கும்னு சொன்னதா?"

"ரெண்டும்."

அவள் யோசித்தாள். ஓர் எந்திரம் ஓடவில்லை என்றால் கடைசியில் நின்ற இடத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போ என்று நான்தான் அவளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

"அப்ப அன்னைக்கு நம்ம ஃபிரிட்ஜ ஏன் ஆஃப் பண்ணீங்க?"

"சாயங்காலம் ஒருத்தர் வந்து தூக்கிட்டுப் போனார். வித்துட்டோம்."

"கட்டில்?"

"அதையும்."

"வீடு?"

"சாவியக் குடுத்தாச்சு. அப்பாவுக்கு அங்க வேல இல்லம்மா. மே மாசமே போயிருச்சு."

"அப்ப இருபத்தாறாம் தேதி?"

"நாம போகல."

தெருவில் பூக்காரி கூவிக்கொண்டு போனாள். அனுப்ரியா மெல்ல அறைக்குள் போய்விட்டாள். மதினி துடைப்பத்தை எடுத்தாள், பிறகு அதைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டுத் தாரணியின் தோளில் கை வைத்தாள்.

"என் சாக்லேட் உள்ளதான இருந்துச்சு" என்றாள் தாரணி.

"ஆமா."

அவ்வளவுதான். அவள் அழவில்லை. நானும் அழவில்லை.

*

வீட்டில் எல்லாருமாகச் சுத்தம் செய்தோம். தட்டுகளைக் கழற்றி வெயிலில் வைத்தோம். நாற்றம் தங்குவது தட்டில் இல்லை, கதவைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டையின் மடிப்பில். அதை விரித்து விரித்து ஆப்பசோடாத் தண்ணீரால் துடைக்க வேண்டும். வடிவு பட்டையை விரித்துப் பிடித்தாள், தாரணி துடைத்தாள். கடைசியாக நான் சுவிட்சைப் போட்டேன்.

"எவ்வளவு நேரத்துல தம்பி ஜில்லுன்னு ஆகும்?" என்று மதினி கேட்டாள்.

"அஞ்சு மணி நேரம். நாலு டிகிரிக்கு வந்துரும்."

தாரணி மாடிக்குப் போனாள். இறங்கி வரும்போது அவள் கையில் என் வேலைப் பையில் இருந்த வெப்பமானி இருந்தது, ஊசியும் வயரும் உள்ளது. அதை எடுக்கட்டுமா என்று என்னிடம் கேட்கவில்லை. ஒரு டம்ளர் தண்ணீரில் ஊசியைப் போட்டு உள்ளே வைத்து, வயரை வெளியே விட்டுக் கதவை மூடினாள். நாள்காட்டியில் கிழித்துப் போட்டிருந்த வெள்ளிக்கிழமைத் தாளின் பின்பக்கம் மணியை எழுதினாள். 11.20. முப்பத்தொன்று.

அரை மணிக்கு ஒருதரம் வந்து பார்த்து எழுதினாள். மத்தியானச் சாப்பாட்டைத் தட்டோடு அங்கேயே கொண்டுவந்து தரையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். நான் கடைக்குப் போகாமல் அடுப்படி வாசலிலேயே நின்றேன்.

நாலு இருபதுக்கு வெப்பமானி ஒன்பது காட்டியது.

"ரப்பர் பட்டை பழசு, மெட்ராஸ் வெயில் வேற. அதோட தண்ணிக்குச் சூட்ட விட கொஞ்சம்..." என்று ஆரம்பித்தேன்.

அவள் 'ஒன்பது' என்று எழுதி, பக்கத்தில் நான் சொன்ன நான்கையும் எழுதிக் கோடு போட்டாள். பிறகு தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"பெரியப்பா போன வாரம் ஏதோ ஸ்கூல் பேரு சொல்லிட்டிருந்தாங்க. அது எனக்கா?"

"ஆமா. புதன்கிழமை ஒரு டெஸ்ட் இருக்கு. காலைல பத்து மணிக்கு."

"சரி. பெரியப்பா வந்ததும் கேட்டுக்கறேன்" என்றாள்.

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, அடுத்த அரை மணிக்காக ஃபிரிட்ஜுக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.