பத்து விரலும் பச்சை

“ஒருத்தனைக் குளிப்பாட்ட ரெண்டு பேரா? நான் என்ன யானையா?” என்றார் ஒன்பதாம் அறைப் பெரியவர். லாரி ஓட்டி ஓய்ந்தவர்.

“சட்டம் ஐயா,” என்றாள் சுருட்டை. முதியோர் இல்லத்தில் அவள் சேர்ந்து அன்றோடு முப்பது நாள். “போலீஸ் என் கைரேகையைப் பாத்து ‘இவளால ஆபத்தில்ல’ன்னு சொல்ற வரைக்கும் உங்ககூட நான் தனியா இருக்கக் கூடாது. நர்சக்கா கண்ணு என் மேலயே இருக்கணும்.”

“அதுக்கும் கெடு முப்பது நாள்தான்,” என்றார் நர்சக்கா, சோப்பை நீட்டியபடி. “இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள முடிவு வரலன்னா இவளுக்கு வேலை கிடையாது. ரெண்டு தடவை எடுத்தும் ‘ரேகை தெளிவா இல்ல’ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ஒரு நாளைக்கு நாப்பது தடவை கை கழுவுனா ரேகை எங்க மிச்சமிருக்கும்?”

மூன்றாம் முறை ரேகை எடுக்க அன்று மூன்றரை மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். இரண்டு நாளாக நர்சக்கா அவளை ஒரு டம்ளர்கூடக் கழுவ விடவில்லை. எந்நேரமும் கையுறை, கையுறைக்குள் கிரீம்.

பஸ்ஸில் நர்சக்கா கேட்டார். “பழைய கேஸைப் படிவத்துல எழுதினியா?”

“எழுதிட்டேன்க்கா. பன்னெண்டு வருஷம் முன்னாடி வீட்டு ஓனர் என் சாமானைத் தெருவுல வீசுனாரு. நான் அவர் ஸ்கூட்டர் கண்ணாடியை உடைச்சேன். அபராதம் கட்டினேன்.”

“ஒரு கண்ணாடியா?”

“ரெண்டும்.”

“ரெண்டுன்னே எழுதினியா?”

“ரெண்டுன்னேதான்.”

“சபாஷ். வயசானவங்களை அடிச்சவ, திருடுனவன்னா வாசல்லயே நிறுத்துவாங்க. ஸ்கூட்டருக்கு நிறுத்த மாட்டாங்க. மறைச்சாத்தான் வம்பு.”

ரேகை எடுக்கும் அலுவலகத்தின் கதவருகே சுவரில் சானிடைசர் புட்டி தொங்கியது. உள்ளே நுழைந்த வேகத்தில் சுருட்டையின் கை தானாக அங்கே போனது. இரண்டு அழுத்து. பரபரவென்று விரல் இடுக்கெல்லாம் தேய்த்தாள்.

“அடிப் பாவி! என்னடி பண்ணித் தொலைச்சே?”

சுருட்டை கையைப் பார்த்தாள். வெள்ளை பூத்து வறண்டிருந்தது. “ஐயோ அக்கா! ரூமுக்குள்ள நுழைஞ்சா கை தானாப் போயிடுது!”

“பெத்த பிள்ளை மாதிரி வளர்த்தேனேடி அந்த விரலை!”

ஆபரேட்டரம்மா கண்ணாடித் தட்டில் விரல்களை வைக்கச் சொன்னார். ரேகை தெளிவில்லை என்று திரையில் சிவப்பு. மறுபடி சிவப்பு. எல்லாமே சிவப்பு.

“நாளைக்கு வாங்க.”

“நாளைக்கு இவளுக்கு வேலையே இருக்காதும்மா!”

ஆபரேட்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். “அந்த பெஞ்சுல உக்காருங்க. நாலு பேருக்கப்புறம் கூப்பிடறேன். கிரீம் இருக்கா?”

“இருக்காவா? மூணு டியூப் இருக்கு!”

நர்சக்கா ஒவ்வொரு விரலாகப் பிடித்து உருவத் தொடங்கினார்.

“மெதுவாக்கா, இருக்கிற ரேகையும் போயிடும்!”

நாலேகாலுக்கு அழைப்பு வந்தது. சுருட்டை கிரீமைத் துடைத்துவிட்டு விரல்களைத் தட்டில் வைத்தாள். சுண்டுவிரல் பச்சை. “ஒண்ணு!” என்று கத்தினார் நர்சக்கா. மோதிர விரல் பச்சை. வரிசையில் நின்றவர்களும் சேர்ந்து எண்ண ஆரம்பித்தார்கள். ஒன்பது வரை வந்துவிட்டது. வலது பெருவிரல் மட்டும் அசையாமல் சிவப்பிலேயே நின்றது.

“அழுத்தாதீங்க,” என்றார் ஆபரேட்டரம்மா. “தூங்குறவங்களுக்கு ஜுரம் இருக்கான்னு தொட்டுப் பாப்பீங்கல்ல, அந்த மாதிரி.”

அது அவளுக்குத் தெரியும். தொட்டாள்.

“பத்து!” என்றது கூடம் முழுவதும்.

முடிவுக்காகப் பெஞ்சிலேயே காத்திருந்தார்கள். நாலு நாற்பத்தெட்டுக்குச் சுருட்டையின் போன் துடித்தது. நர்சக்கா எட்டிப் பார்த்தார். “என்னடி போட்டிருக்கு? படிடி!”

“‘பழைய வழக்கு ஒன்று. விண்ணப்பதாரரே தெரிவித்துள்ளார். பணிக்குத் தடையில்லை.’ அக்கா... தடையில்லையாம்க்கா!”

இருவரும் கட்டிப்பிடித்துக் குதித்ததில் டியூப்கள் தரையில் உருண்டன.

திரும்பும் பஸ்ஸில் நர்சக்கா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டார். “போனதும் பெரியவரைத் தோட்டத்துல நடக்கக் கூட்டிட்டுப் போ.”

“நீங்க?”

“நான் எதுக்கு? முப்பது நாளா உன் முதுகைப் பாத்துப் பாத்தே கண்ணு பூத்துப் போச்சு. நீயே போடி.”

இன்னும் இரண்டு நிறுத்தம் இருந்தது. சுருட்டை எழுந்து படிக்கட்டுக்குப் போய்விட்டாள்.