தொடைக்க விடல

1

விசாரணை அறையில் ஒருவர் தமிழில் சொன்னதை மலையாளத்தில் எழுதிக் கொடுக்கப் போனேன். அங்கிருந்து எடுத்ததுதான் இந்தக் கதை. அவரிடம் அனுமதி கேட்கவில்லை. அவர் சொன்னதில் ஓரிடத்தை மாற்றி எழுதிவிட்டேன். அப்படிச் செய்யாமலிருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்கவே மாட்டேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "நெடுமங்காட்டுக்கு அப்பால் மலையைத் தின்றுகொண்டிருந்த இயந்திரத்தின் வாய்…"

அடித்துவிட்டேன். அந்த வாய் ஒரு மனிதன்மேல் விழுந்தது. அதை அழகாகச் சொல்ல மனம் வரவில்லை.

2

இறந்தவர் தாணு. நாகர்கோவில் பக்கத்து ஆள். கல்குவாரியில் எக்ஸ்கவேட்டருக்கு முன்னால் சிதறும் கற்களை ஒதுக்குவது அவர் வேலை. தங்கபாண்டி தென்காசிக்காரர். அதே குவாரியில் இயந்திரங்களுக்குக் கிரீஸ் அடிப்பவர். இருவரும் ஒரே தகரக் கொட்டகையில் நான்கு வருடம் சேர்ந்து பொங்கித் தின்றவர்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இயந்திரத்தின் கையோடு பக்கெட்டைப் பிணைத்திருந்த இரும்பு முளை முறிந்தது. குவாரியில் அதைப் 'பின்னு' என்பார்கள். பக்கெட் விழுந்தது. (கீழே தாணு நின்றிருந்தார். இந்த வாக்கியத்தை அடைப்புக்குறிக்கு வெளியே எடுத்து வைக்க என்னால் முடியவில்லை.)

3

விசாரணை அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. தங்கபாண்டியின் மலையாளம் சாப்பாடு வாங்கவும் பஸ் விசாரிக்கவும் மட்டுமே போதும். அதனால் என்னைக் கூப்பிட்டார்கள். நான் சாலைக் கடைத்தெருவில் பிறந்தவள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம்.

கிரீஸ் நிப்பிள் என்றால் என்ன என்று அதிகாரி கேட்டார். தங்கபாண்டி என் பேனாவை வாங்கி முனையை எனக்குக் காட்டினார்.

"இத்தனூண்டுதான் இருக்கும் மேடம். இதுல கிரீஸ் அடிக்கிற கன்னை மாட்டி அமுக்குனா கிரீஸ் உள்ள போவும். மேல கல்லுப்பொடி ஒட்டியிருந்தா அதுவும் சேந்து போயிரும். போன பொடி சும்மா இருக்காதுல்லா. உப்புத்தாள் மாதிரி பின்னை அரைச்சிக்கிட்டே இருக்கும்."

"ஒரு நாளில் தேயுமா?" அதிகாரி கேட்டதைத் தமிழில் சொன்னேன்.

"மாசக்கணக்கு ஆவும்."

ஒரு வண்டிக்கு முப்பத்திரண்டு நிப்பிள். பழைய வேட்டித் துண்டால் ஒவ்வொன்றையும் அடிப்பதற்கு முன்னும் பின்னும் துடைப்பாராம். மழை முடிந்து வேலை மும்முரமானது. டிப்பர் லாரிகள் வரிசையில் காத்து நின்றன.

"சூப்பர்வைசர் அனில் சார் வந்து, 'துடைச்சிட்டிருந்தா லோடு ஆரு கொடுக்கும்? அடிச்சிட்டு எறங்கு'ன்னாரு. நான் கேக்கல. மறுநா துணியப் பிடுங்கி வீசிட்டாரு. அஞ்சு மாசமா தொடைக்க விடல மேடம்."

4

நான் எழுதியது: 'ஐந்து மாதமாகத் துடைக்கவில்லை.'

மின்விசிறிச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்றுதான் இந்தப் பகுதியை முதலில் எழுதியிருந்தேன். கேட்டது. எதிரே அனில் உட்கார்ந்திருந்தார். மிரட்டவெல்லாம் இல்லை. "கௌசல்யே, ஒந்நு வேகம் ஆகட்டே" என்று என்னைச் சீக்கிரம் முடிக்கச் சொன்னார், சிரித்த முகமாக. மணி ஒன்றரை. அதிகாரி சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார். துணியைப் பிடுங்கியது, வீசியது, லாரி வரிசை எல்லாம் சேர்த்து ஏழு வரி. அதை ஒரு வரியாக்கினேன். சுருக்கி எழுதுகிறேன் என்று அப்போது நினைத்ததாக ஞாபகம்

(இந்த வாக்கியத்தை இங்கேயே விட்டுவிடுகிறேன்.)

தங்கபாண்டிக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது. "நீங்க நம்ம ஆளு. சரியாத்தான் எழுதியிருப்பிய" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

5

பன்னிரண்டாம் நாள் அவரைக் கைது செய்தார்கள். கவனக்குறைவால் மரணம். ஆதாரம், அவரே கொடுத்த வாக்குமூலம். அனில் இப்போது வேறொரு குவாரியில் இருக்கிறார்.

என்னை வைத்து எழுதிய கௌசல்யா என்ற பாத்திரத்தின்மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அவளை ஆணாக்கிப் பார்த்தேன். வயதைக் கூட்டினேன். ஊரை மாற்றினேன். யாரை உட்கார வைத்தாலும் ஒன்றரை மணிக்கு அதே வரியைத்தான் எழுதினார்கள்.

அவள் மறுநாளே அதிகாரியிடம் போய் உண்மையைச் சொல்வதாக ஒரு முடிவும் எழுதினேன். நன்றாக வந்திருந்தது. நடந்தது என்னவென்றால், அந்த அலுவலகத்தின் படிக்கட்டுவரை போனேன், பியூன் "எந்தா சேச்சி?" என்று கேட்டான், ஒன்றுமில்லை என்று திரும்பிவிட்டேன்.

6

போன வாரம் தாணுவின் மனைவி முத்தாரம்மாள் என் வீட்டைத் தேடி வந்தாள். கையில் வாக்குமூலத்தின் மலையாள நகல்.

"இத எனக்கு வாசிச்சுச் சொல்லணும்க்கா. எங்க வீட்டுக்காரரு செத்ததப்பத்தி அந்த அண்ணன் என்ன சொன்னாருண்ணு கேக்கணும். ஒண்ணாக் கெடந்தவங்க. அவரா இப்படிச் செஞ்சாருண்ணு மனசு நம்பமாட்டேங்குது."

காகிதத்தில் கண்ணை வைத்துக்கொண்டு வாசித்தேன். அதில் இருந்ததை அல்ல. அவர் அன்று சொன்னதை. வேட்டித் துண்டு, முப்பத்திரண்டு நிப்பிள், அனில் துணியை வீசியது, அஞ்சு மாசமா தொடைக்க விடல. ஒரு சொல்லும் விடவில்லை. குரலும் நடுங்கவில்லை.

முத்தாரம்மாள் முழுவதும் கேட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு, "எனக்கு அப்பமே தெரியும்" என்றாள். நிமிர்ந்து கேட்டாள்:

"இவ்வளவும் இதுல எழுதியிருக்குண்ணா, அவரை எதுக்குக்கா பிடிச்சிட்டுப் போனாவ?"

7

இங்கே என் பதில் வரவேண்டும்.

உண்மையைச் சொன்னதாக ஒருமுறை எழுதினேன். அவள் என் கையிலிருந்த காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் இறங்கிப் போனாள். 'தெரியலையே முத்தாரம்மா' என்று சொன்னதாக இன்னொருமுறை எழுதினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களாவது வாசிச்சுச் சொன்னியளே" என்றாள். இரண்டில் எதைத் திரும்ப வாசிக்க முடியவில்லையோ, அதுதான் நடந்தது.

தங்கபாண்டியின் ஜாமீன் மனு வியாழக்கிழமை விசாரணைக்கு வருகிறது. இதை எழுதும்போது திங்கள் மாலை; அந்தப் படிக்கட்டை நான் இன்னும் ஏறவில்லை. நீங்கள் வாசிக்கும்போது என்ன கிழமையாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.