வணக்கத்தோடு நின்ற செய்தி

சிற்றம்பலம் நீட்டிய கைபேசியின் திரையில் சேறு அப்பியிருந்தது. அருந்ததி அதைத் துப்பட்டாவால் துடைத்தாள்.

"இதில மிச்சத்தை எப்பிடித் திறக்கிறது பிள்ளை? நேற்றையில இருந்து தட்டித் தட்டிப் பாக்கிறன். வருகுதில்லை."

‘விவசாய அமைப்பின் அங்கத்தவர்கள் அனைவருக்கும் எமது பணிவான வணக்கம். குளத்’ என்று இருந்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

உருத்திரபுரத்தில் விதைப்பு முடிந்தால் மாடுகளை வயலோரம் வைத்திருக்க முடியாது. ஆற்றங்கரையில் பட்டி அடைப்பார்கள். குளத்தின் வான்கதவுகள் திறந்தால் ஆற்றில் வெள்ளம் பாயும். அதற்கு முன் பட்டிக்காரருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் மென்பொருளை எழுதியவள் அவள்தான். சோதித்தபோது, நண்பர்களுக்கு அனுப்புகிற பழக்கத்தில், தமிழை ஆங்கில எழுத்தில் தட்டினாள். முழுதாகப் போய்ச் சேர்ந்தது. தமிழ் எழுத்தில் எழுதினால் ஒரு செய்தியில் அதில் பாதிகூடக் கொள்ளாது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கியிருக்கிறாள். வேலை செய்யும்போது அந்தப் படிப்பு எங்கே போனதோ. செய்தியை எழுதும் அமைப்பின் தலைவரோ வணக்கம் சொல்லாமல் விசயத்துக்குப் போவது மரியாதையில்லை என்று நினைக்கிற மனிதர். மரியாதைக்கே இடம் சரியாகிவிட்டது.

"கூட்டத்துக்குக் கூப்பிடீனம் எண்டு நினைச்சன். சேட்டு மாத்த வீட்டை வந்தனான். திரும்பிப் போக, பட்டி இல்லை."

பக்கத்தில் நின்ற மகன் ஜனகன் தகப்பனைப் பார்க்காமல் அவளிடம் சொன்னான். "அப்பாவுக்கு இனி ஏலாது. ஒரு மெசேச்சை முழுசா வாசிக்கத் தெரியேல்ல. மிஞ்சின மாடுகளை வித்துப்போட்டு வீட்டில இருக்கட்டும்."

சிற்றம்பலம் மிஞ்சிய கன்றொன்றை ஆற்றங்கரையில் கட்டையடித்துக் கட்டியிருந்தார். அதன் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார். மாடு போன துக்கத்தைவிட, தான் வாசிக்கத் தவறிவிட்டோம் என்ற வெட்கம்தான் அவர் முகத்தில் தெரிந்தது. அருந்ததியால் அதைப் பார்க்க முடியவில்லை.

பட்டி போனதைக் கேட்டதுமே சந்தேகம் வந்து, வரும் வழியில் நிறுவன முதலாளி சிவகரனுக்கு அழைத்து, எல்லாவற்றையும் உடனே நிறுத்தச் சொல்லியிருந்தாள். "ஒருத்தரிட்டையும் வாய் திறக்காதை. நாளைக்கு ஆறுதலா, அவசரமில்லாமத் திருத்துவம்," என்றான் அவன். வாய் திறந்தால் வேலை போகும் என்பதையும் மறைக்கவில்லை. வீட்டில் அவளுடைய சம்பளம் ஒன்றுதான்.

"மாமா, மிச்சம் எண்டு ஒண்டும் இல்லை," என்றாள். "உங்களுக்கு வந்ததே அவ்வளவுதான். பிழை உங்கட இல்லை. நான் செய்ததில."

ஜனகன் அவளை நிமிர்ந்து பார்த்தான். சிற்றம்பலம் கன்றின் முதுகிலிருந்து கையை எடுத்தார். பேசியபோது மகனிடம்தான் பேசினார்.

"அப்ப நான் முழுசாத்தான் வாசிச்சனான்."

அவள் கையிலிருந்த அவருடைய கைபேசி அதிர்ந்தது. புதிய செய்தி. ‘விவசாய அமைப்பின் அங்கத்தவர்கள் அனைவருக்கும் எமது பணிவான வணக்கம். குளத்’.

"என்னவாம்?"

"தெரியேல்ல மாமா."

அவர் கன்றை அவிழ்த்துக்கொண்டு மேட்டுக்கு ஏறத் தொடங்கினார். மற்ற மாடுகளை ஓட்டிவர ஜனகன் ஓடினான். அருந்ததி தலைவருக்கு அழைத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. கன்று கட்டியிருந்த கட்டையைச் சுற்றித் தண்ணீர் வந்திருந்தது.