இருவர் ஆடும் பகுதி

அனுசுயாவின் வேலை, வெளிவரப்போகும் வீடியோ கேம்களை ஆடிப் பார்த்து நிறைகுறைகளை எழுதி அனுப்புவது. கம்பெனி கோயம்புத்தூரில் இருந்தது. இரண்டு வருடங்களுக்கு முன் கணவன் சுரேஷ்கண்ணனைப் பிரிந்தபோது, எங்கிருந்தும் செய்யக்கூடிய வேலைதானே என்று சின்னமனூருக்கு வந்து ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்தாள். வீரபாண்டியில் அண்ணன் குடும்பம் இருந்தது. திருவிழாவுக்குக் கூப்பிடுவார்கள், போய்விட்டு மறுநாளே திரும்பிவிடுவாள். மற்றபடி அவளோடு பேசியது, திங்கட்கிழமைகளில் வீடியோவில் வரும் மேலாளர் ஸ்டான்லி மட்டும்தான்.

அந்த மாதம் வந்த கேமின் பெயர் ‘விண்கூடு’. சுடும் ஆட்டம். திரையின் அடியில் நம் விமானம் இருக்கும். மேலிருந்து எதிரிகள் கூட்டம் கூட்டமாக இறங்குவார்கள். தோட்டாக்கள் கொட்டக் கொட்ட, சுட்டுக்கொண்டே இடைவெளிகளில் புகுந்து தப்ப வேண்டும். அவளுக்குப் பிடித்துப்போனது. நிறைகளை ஒரே மூச்சில் எழுதினாள். விரல் அசைந்த கணமே விமானம் அசைகிறது. ஒரு கட்டம் மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. செத்தால் தப்பு நம்முடையதுதான் என்று தெரிவதால் எரிச்சல் வராமல் மறுபடி ஆடத் தோன்றுகிறது. குறை என்று பார்த்தால், நான்காம் கட்டத்தில் மஞ்சள் தோட்டாக்கள் வெடிப்பின் மஞ்சளோடு கலந்து கண்ணுக்குத் தெரிவதில்லை. கடைசி எதிரி சாவதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொள்கிறது.

மிச்சமிருந்தது இருவர் சேர்ந்து ஆடும் பகுதி. வலது கையில் ஒரு கன்ட்ரோலர், இடது கையில் ஒன்று என்று வைத்து மூன்று நாள் முயன்றாள். ஒன்றை ஓட்டினால் மற்றது ஓரத்தில் நின்று இருபது விநாடியில் வெடித்தது. நான்காம் நாள், ‘இருவர் பகுதியில் குறை ஏதும் இல்லை’ என்று எழுதினாள். வேறொரு கேமுக்கு முன்பு அப்படி எழுதியிருக்கிறாள், யாரும் கண்டுபிடிக்கவில்லை. இந்த முறை அந்த வரியைப் பார்க்கப் பார்க்க அவளுக்கே வெட்கமாக இருந்தது. அழித்துவிட்டுக் கீழே இறங்கினாள்.

கீழ் வீட்டில் குடியிருந்தவர் கிருபாவதி. ஐம்பதை நெருங்கும் வயது. காலையில் திராட்சைத் தோட்டத்துக்குப் போய், பந்தலுக்குக் கீழே அண்ணாந்து நின்று, கொத்துகளில் நெருக்கமான காய்களைக் கத்தரித்துவிட்டு மதியம் திரும்புவார். தண்ணீர் மோட்டார் போடுவதைப் பற்றித் தவிர இருவரும் எதுவும் பேசிக்கொண்டதில்லை. அனுசுயா தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். செல்போனில்கூட விளையாடியதில்லை என்றார். ஆனாலும் கை கழுவிக்கொண்டு மாடிக்கு வந்தார். எப்படி ஆட வேண்டும் என்று கேட்டார்.

முதல் நாள் ஒரு கட்டம்கூடத் தாண்டவில்லை. இரண்டாம் நாள், சுடும் பட்டனை அவர் தொடவே இல்லை என்பதை அனுசுயா கவனித்தாள். அவர் விலகி மட்டும் ஓட்டினார். தோட்டாக்களுக்கு நடுவே எங்கே இடம் இருக்கிறது என்று அவர் கண்ணுக்குச் சட்டென்று பிடிபட்டது. அனுசுயா சுட, அவர் விலக, மூன்றாம் நாள் மதியம் நான்காம் கட்டம் வரை போனார்கள். அந்த நாட்களில் அனுசுயா இரண்டு மணியிலிருந்தே படிச் சத்தத்துக்குக் காது கொடுத்து உட்கார்ந்திருந்தாள்.

நான்காம் கட்டத்தில் ஒரு மஞ்சள் தோட்டா பட்டு அனுசுயாவின் விமானம் போனது. அவளுக்கு இருந்த கடைசி உயிர் அது. கிருபாவதி கவனிக்காமல் கொஞ்ச நேரம் ஓட்டிக்கொண்டே இருந்தார். பிறகு பக்கத்தில் ஆளில்லாததைப் பார்த்தார். கன்ட்ரோலரைத் தரையில் வைத்தார். அவர் விமானமும் வெடித்தது.

“ஏன்க்கா விட்டீக? இன்னும் ரெண்டு உயிர் இருந்துச்சே.”

“நீ போனது எனக்குத் தெரியவே இல்ல தாயி,” என்றார் கிருபாவதி. “நீ இங்கனதான் இருக்கேன்னு நெனச்சு நான்பாட்டுக்கு ஓட்டிக்கிட்டு இருந்தேன்.”

தரையில் வைத்த கன்ட்ரோலரைச் சற்றுத் தள்ளி வைத்தார். பிறகு தானாகவே சொன்னார். மூன்று வருடங்களுக்கு முன் அவர் கணவர் ராக்கையா லோயர் கேம்ப் ரோட்டில் பைக்கில் போகும்போது லாரி மோதி இறந்துபோனார். அன்று கிருபாவதி தோட்டத்தில் காய் கத்தரித்துக்கொண்டிருந்தார். போன் சாப்பாட்டுப் பையில் கிடந்தது. கூட வேலை செய்தவர்களோடு பேசிச் சிரித்துக்கொண்டுகூட இருந்தாராம். மூன்று மணி நேரம் கழித்து ஆள் வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது.

“அவுக போனதுகூடப் பெருசில்ல தாயி. அந்த மூணு மணி நேரம் சிரிச்சுக்கிட்டு இருந்தேன் பாரு, அதான்.”

அனுசுயா எழுந்து அடுப்படிக்குப் போனாள். டீ போட்டுக் கொடுத்தாள். தன்னைப் பற்றியும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொல்வதற்குள் அவர் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

அன்று மாலை குறைகளில் இன்னொன்றைச் சேர்த்தாள்: ‘ஒருவர் விழுந்தது மற்றவருக்குத் தெரிவதில்லை. ஆட்டம் ஒரு விநாடியாவது நிற்க வேண்டும்.’ திங்கட்கிழமை ஸ்டான்லி மஞ்சளை மாற்றச் சம்மதித்தார். நிறுத்தம் மட்டும் வேண்டாம், வேகம்தான் இந்த மாதிரி கேமுக்கு உயிர் என்றார். வழக்கமாக அவர் சொன்னதைக் குறித்துக்கொள்கிறவள் அன்று அரை மணி நேரம் வாதாடினாள். அடுத்த அப்டேட்டில் பார்க்கலாம் என்று முடித்துக்கொண்டார்.

மகளின் பிரசவத்துக்காகக் கிருபாவதி அடுத்த வாரமே திருப்பூருக்குப் போனார். மூன்று மாதத்தில் வந்துவிடுவதாகச் சொன்னவர், நான்காம் மாதம் ஆள் அனுப்பிச் சாமான்களை எடுத்துக்கொண்டார். வீட்டுக்காரர் கீழே உர மூட்டைகளை அடுக்கினார்.

அப்டேட் ஐந்து மாதம் கழித்து வந்தது. ஒருவர் விழுந்தால் இப்போது எல்லாமே ஒரு விநாடி அசையாமல் நிற்கிறது. அந்த நிறுத்தம் நன்றாக இருக்கிறது என்று ஆடியவர்கள் எழுதியிருந்தார்கள். அனுசுயா உடனே திருப்பூருக்குப் போன் போட்டாள். பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

நீங்கள் சொன்னதைச் செய்துவிட்டார்கள் என்றாள். எதை என்று அவருக்குப் பிடிபடவில்லை. கேம், விமானம், மஞ்சள் என்று ஒவ்வொன்றாகச் சொன்ன பிறகு, “ஆமா, அதுவா,” என்றார். “நல்லதுதான். நீ சாப்பிட்டியா தாயி?”

இன்னும் இல்லை என்றாள் அனுசுயா. குழந்தையின் அழுகை பெரிதாகி லைன் அறுந்தது. அவள் பதில் அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. திரும்பக் கூப்பிடுவார் என்று சற்று நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து போய் ஒரு ஆளுக்கு அரிசி களைந்து அடுப்பில் வைத்தாள்.