அறுவடைக் காலத்து ஊசி

அந்த வருடம் ஒலிவ மரங்கள் கிளை தாங்காமல் காய்த்திருந்தன. ரத்வானின் எண்ணெய் ஆலை வாசலில் மூட்டை ஏற்றிய வண்டிகள் சாலை வரை வரிசை கட்டி நின்றன. ஸ்ஃபாக்ஸ் நகருக்குப் பக்கத்தில் ஆலை வைத்திருப்பவனுக்கு அந்த மாதங்களில் சாப்பாடும் தூக்கமும் நின்றபடியேதான். அந்த நேரம் பார்த்துத்தான் அவன் மனைவி ஹயாத்துக்குக் கருத்தரிப்பு ஊசிகள் ஆரம்பித்தன.

போன வருடமே ஆரம்பித்திருக்க வேண்டியது. "அறுவடை முடியட்டும்" என்று இவன்தான் தள்ளிப்போட்டான். இந்த முறை ஹயாத் கேட்கவில்லை. "அறுவடை வருஷா வருஷம் வரும் ரத்வான். எனக்கு வயசு திரும்பி வராது" என்றாள்.

ஊசியை வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். பொடியை நீரில் கலக்கி, அடிவயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்துக் குத்த வேண்டும். தினமும் ஒரே நேரத்தில். ஹயாத்துக்குச் சின்ன வயதிலிருந்தே ஊசியென்றால் பயம். "நான் போடறேன். மக்ரிப் பாங்கு சொல்றதுக்குள்ள வீட்ல இருப்பேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தான்.

முதல் நாள் அந்தி சாய்ந்து பாங்கு ஒலித்தபோது அவன் ஆலையில்தான் இருந்தான். இயந்திரத்தில் பிண்ணாக்கு அடைத்துக்கொண்டிருந்தது. வரிசையில் நின்ற ஷாத்லி என்ற விவசாயி உரக்கச் சிரித்தான்.

"உன் ஆலையில எண்ணெய் இறங்கறதுக்குள்ள என் பேரனுக்கு மீசை முளைச்சிரும்டா! நீயும் சீக்கிரம் ஒரு பையனைப் பெத்து இங்க நிறுத்து, வேலை நடக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். ரத்வானும் சிரித்து வைத்தான். மேஸ்திரி அவன் தோளைத் தட்டி, "நீ கிளம்பு, இதை நான் பாத்துக்கறேன்" என்றான். போயிருக்கலாம். "இந்த லோடு முடியட்டும்" என்று திரும்பவும் இயந்திரத்துக்குள் கையை விட்டான். வேலை அவனைப் பிடித்து வைக்கவில்லை என்பது அவனுக்கே தெரியும். அந்த ஊசி யார் உடம்பில் இறங்க வேண்டும் என்று நினைத்தபோதுதான் கால் நகர மறுத்தது.

குறை அவனிடம்தான் இருந்தது. நான்கு வருடத்துக்கு முன்பே பரிசோதனையில் தெரிந்துவிட்டது. அன்று அவன் அம்மா மொன்ஜியா, "டாக்டர் என்ன சொன்னார்? யார்கிட்ட குறையாம்?" என்று கேட்டாள். ரத்வான் தரையைப் பார்த்தான். பெண்டாட்டியைக் காப்பாற்றத்தான் மகன் வாயைத் திறக்கவில்லை என்று அம்மா முடிவு கட்டிக்கொண்டாள். அவன் சொல்வான் என்று ஹயாத் காத்திருந்தாள். பிறகு காத்திருப்பதையும் விட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது இருட்டிவிட்டிருந்தது. சமையலறையில் அம்மாவும் ஹயாத்தும் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அடுத்த வீடு. ஹயாத்திடம் குத்திப் பேசுவதற்கு மட்டுமே இந்தப் பக்கம் வருபவள்.

"வந்துட்டாருய்யா துரை! ரொட்டி கொண்டு வந்தேன், பாத்தா இந்தப் பொண்ணு ஊசியைக் கையில வச்சுக்கிட்டு வேர்த்து ஊத்தி நிக்குது. உன் வாப்பாவுக்கு எத்தனை வருஷம் இன்சுலின் போட்டேன், எனக்குத் தெரியாததா? போட்டு விட்டுட்டேன்."

"நேரம் ஆயிடுச்சு உம்மி. ஆலையில..." என்று அம்மாவிடம் இழுத்தான்.

"ஆலை எங்கடா ஓடிப் போகுது?" அம்மாவின் குரல் தணிந்தது. "குறை இருந்தா என்ன, இவ தைரியசாலிடா. நான்தான் தெரியாம இருந்திட்டேன்."

ஹயாத் நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். அவன் கை கழுவப் போனான். குழாயைத் திறந்துவிட்டு அங்கேயே நின்றான்.

மறுநாளிலிருந்து அவன் நேரத்துக்கு வந்தான். ஆனால் ஊசி அம்மாவின் கைக்குப் போய்விட்டிருந்தது. தினமும் வந்தாள். கோழி அடித்து சூப் வைத்தாள். ஹயாத்தைப் பாத்திரம் கழுவ விடவில்லை. அம்மா அன்பாக இருக்க இருக்க ரத்வானுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு மாலை ஹயாத் சட்டையை உயர்த்திப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். வயிற்றில் அங்கங்கே நீலம் பாரித்திருந்தது. அம்மா தோலைக் கிள்ளிப் பிடித்தாள்.

"உன்னை எவ்வளவு பேசியிருக்கேன் பொண்ணே. மனசுல வச்சுக்காத. அல்லாஹ் உன் உடம்புல ஒரு குறையை வச்சா அதுக்கு நீ என்ன பண்ணுவே?"

"பரவால்ல லல்லா" என்று மாமியாரிடம் சொன்னாள் ஹயாத்.

அந்தப் பரவாயில்லையை ரத்வானால் தாங்க முடியவில்லை. "உம்மி, குறை அவகிட்ட இல்ல. என்கிட்ட."

அம்மாவின் கை ஒரு கணம் நின்றது. பிறகு ஊசியை இறக்கி, மருந்து முழுவதும் போகும்வரை அழுத்தி, மெல்ல எடுத்தாள். பஞ்சை வைத்து அழுத்தினாள். மூடியைப் போட்டு ஊசியை மேஜைமேல் வைத்த பிறகுதான் மகன் பக்கம் திரும்பினாள்.

"எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"முதல்லேர்ந்தே."

"கெர்கெனா தீவுக்கு இவளைக் கூட்டிட்டுப் போனேனே. பிள்ளை தங்கணும்னு அந்த வைத்தியக் கிழவி வயித்தைப் பிசைஞ்சப்ப இவ கதறினாளே. நீதானடா காரைப் படகுல ஏத்தி ஓட்டிட்டு வந்தே? வெளியில நின்னுட்டிருந்தியேடா!"

அன்று அவன் வாசலில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். கதறல் கேட்டதும் காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

அம்மா ஹயாத்தின் இரு கைகளையும் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு அவனைத் தாண்டி வெளியே போனாள். மறுநாளும் வந்தாள், ஊசி போட்டாள். அவனோடு மட்டும் பேசவில்லை.

"இப்ப எனக்காகச் சொன்னியா, உன் பாரம் இறங்கணும்னு சொன்னியா?" என்று ஓர் இரவு படுக்கையில் ஹயாத் கேட்டாள்.

"தெரியல."

"அதையாவது உண்மையாச் சொன்னியே" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்த முறை கரு தங்கவில்லை. முதல் நாள் ஊசி தாமதமானதால் இருக்குமோ என்று ரத்வான் மருத்துவரிடம் தனியாகப் போய்க் கேட்டான். அவ்வளவு கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யாது என்றார். அவன் மனம் கேட்கவில்லை.

அறுவடை ஓய்ந்தபின் அம்மா வீட்டில் உறவுக்காரப் பெண்கள் கூடினார்கள். பின்கட்டில் நாற்காலிகளை எடுத்துக்கொண்டிருந்த ரத்வானுக்குப் பெரியம்மாவின் குரல் கேட்டது. "பாவம் ரத்வான். இந்தக் காய்க்காத மரத்தை எத்தனை நாள்தான் வச்சுக்கிட்டு..."

"வாயை மூடு அக்கா" என்றாள் அம்மா. பெற்ற மகனின் குறையை இத்தனை பேர் முன்னால் சொல்ல அவள் நாக்கு எழவில்லை.

ரத்வான் நாற்காலிகளைக் கீழே வைத்தான். கூடத்துக்குள் வந்து பெண்கள் நடுவில் நின்றான். "பெரியம்மா, குறை என்கிட்டதான். ஹயாத்துக்கு ஒண்ணுமில்ல. நாலு வருஷமா நான்தான் சொல்லாம இருந்தேன்."

ஒருத்தி கோப்பையை ஓசைப்படாமல் கீழே வைத்தாள். இனி இது ஆலை வரிசை வரைக்கும் போகும், ஷாத்லி வாய்க்கும் போகும் என்று அவனுக்குத் தெரியும்.

ஹயாத் எழுந்தாள். அவனைப் பார்க்காமல் காலிக் கோப்பைகளைத் தட்டில் அடுக்கினாள். சமையலறை வாசலில் நின்று, "சும்மா நிக்காத, வந்து கழுவு" என்றாள். அவன் பின்னாலேயே போனான்.